மூழ்கிய கப்பலுக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது: கத்தியா, கத்தரியா, கொக்கி பிளேடா?

புதுச்சேரியில் டைவிங் பழகுகிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் மூழ்கிய கப்பலைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். 2018-ல் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஐஎன்எஸ் கடலூர் கப்பலை இங்கே கடலடியில் இறக்கும் திட்டம் பேசப்பட்டதிலிருந்து அது இன்னும் கூடியிருக்கிறது. டார்ச், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் எல்லாம் அலசி ஆராய்ந்து வாங்குகிறோம். வெட்டுகிற கருவியை மட்டும் கையில் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறோம். நான் கடைசியில் கத்தரிக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே பயப்பட வேண்டியது சுறாவுக்கு இல்லை, வலைக்கு. கப்பல் கிடக்கும் இடத்தில் மீன் கூடும், மீன் கூடும் இடத்தில் வலை விழும். இரும்பு விளிம்பில் மாட்டிய வலை அறுந்து அங்கேயே தங்கிவிடும். தங்கூசி நரம்பு, அதாவது வலை பின்னும் மெல்லிய நைலான் இழை, தெளிந்த தண்ணீரிலேயே சரியாகத் தெரியாது, நம் கலங்கல் கடலில் கேட்கவே வேண்டாம். மாட்டுவதும் சிலிண்டர் வால்வு, காலில் மாட்டும் ஃபின் துடுப்பின் பட்டை என்று கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான்.

கத்தி தடித்த கயிற்றுக்கு நல்லது, ரம்பப் பல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். தொங்குகிற வலையில் கத்தியை வைத்தால் வலை கூடவே நகரும். ஒரு கை இழுத்துப் பிடிக்க, மறு கை அறுக்க வேண்டும். கத்தரிக்கு ஒரு கை போதும். நரம்பு தளர்ந்து கிடந்தாலும் இரண்டு அலகுக்கு நடுவே வந்தால் அறுந்துவிடும். மெல்லிய கம்பியைக்கூட வெட்டும். ஆம்புலன்ஸில் துணி வெட்ட வைத்திருப்பார்களே, முனை மழுங்கிய அந்தக் கத்தரிதான். உடையிலோ காற்று வரும் ஹோஸிலோ குத்திவிடும் பயமும் குறைவு.

இதெல்லாம் சரி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது துரு. நம் கரையோரக் காற்றில் ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உதிர்கிறது. கத்தியில் 420 வகை எஃகு கூர்மையாக நிற்கும், ஆனால் துருப்பிடிக்கும். 316 அவ்வளவாகத் துருப்பிடிக்காது, ஆனால் சீக்கிரம் மொன்னையாகும். உறைக்குள் தங்கும் உப்புத்தண்ணீர் வேறு. கத்தரியில் அலகைவிட நடு ஆணிதான் பலவீனம். அங்கே துரு ஏறினால் திறக்கவே திறக்காது. அதனால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் வாளிக்குள் வைத்தே பலமுறை திறந்து மூடுவேன். விரித்தபடியே நிழலில் காயவைத்து, ஆணியில் துளி சிலிகான் கிரீஸ். அடுத்த டைவுக்கு முன் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் பொறுக்கிய தங்கூசித் துண்டை மடித்து, இடது கையால் வெட்டிப் பார்ப்பேன். கத்தரி இறுகித் திணறினால் பைக்குள் போகாது, நேராகக் குப்பைக்கு. சில நூறு ரூபாய்ப் பொருள் என்பதால் மனசும் வலிக்காது. விலை கொடுத்து வாங்கிய கத்தியை அப்படித் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்?

டைட்டானியம் கத்திக்குத் துருத் தொல்லையே இல்லை, உண்மை. நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, நண்பர் ஒருவருடையதைக் கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி. கூர் சீக்கிரம் போகிறது என்பது அவருடைய புகார்.

கொக்கி பிளேடு உள்ளங்கையளவு. நரம்பைக் கொக்கிக்குள் விட்டு இழுத்தால் போதும், பிளேடையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாய் குறுகல், தடித்த கயிறு நுழையாது. நான் கரையில் சோதித்ததுதான், நிஜச் சிக்கலில் பயன்படுத்த நேரவில்லை. இரண்டாவது கருவியாக நெஞ்சுப்பட்டையில் தொங்குகிறது. முதல் கருவியாக அதை நம்ப எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

எதை வாங்கினாலும் இரண்டு கையும் எட்டும் இடத்தில் மாட்டுங்கள். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் கட்டினால் கத்தியே போய் வலையில் மாட்டும். சிக்கிக்கொண்டால் உடனே நில்லுங்கள், திரும்பிப் பார்க்கச் சுழன்றால் இன்னொரு சுற்று ஏறிவிடும். கூட வருபவருக்குச் சைகை காட்டி அவரையே வெட்டச் சொல்லுங்கள், முதுகுப் பக்கம் அவருக்குத்தான் தெரியும். அப்புறம் ஒன்று: அந்தமானுக்குப் பறக்கிறீர்கள் என்றால் இதில் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டிக்குள் போகட்டும்.