ஹாலுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர்: ஏவி ரிசீவரா, கிளாஸ் டி பெட்டியா, பழைய பாணி ஸ்டீரியோவா?

வீட்டில் இருந்த ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபையர் தேடி, கடைசியில் யமஹா ஏ-எஸ்301 என்ற பழைய பாணி ஸ்டீரியோவை வாங்கினேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். போட்டியில் இருந்தவை மூன்று: டிவிக்கான படத்தையும் சத்தத்தையும் ஒரே பெட்டியில் வாங்கி ஐந்தாறு ஸ்பீக்கர் ஓட்டும் ஏவி ரிசீவர், உள்ளங்கையில் அடங்கும் கிளாஸ் டி (டிரான்சிஸ்டரைப் படுவேகமாக ஆன்-ஆஃப் செய்து சத்தத்தைப் பெருக்கும் முறை) பெட்டி, டிரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் வைத்த இரண்டு சேனல் ஸ்டீரியோ. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபினட், போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்து தருவார்களே, அந்த ஆசையும் கொஞ்ச நாள் இருந்தது.

சத்தத்தின் தரத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. இந்த விலையில் வரும் எதுவும் காதில் குத்தாது. வாட் கணக்கையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர் ஜோடியை நடுத்தர ஹாலில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட்டிலேயே ஏறக்குறைய 80 டெசிபல் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அதுவே போதும். தவில் அடி, டிரம்ஸ் மாதிரி திடீர் உச்சங்களுக்கு 40, 50 வாட் இருந்தால் தாராளம். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் மேல் 1000 வாட் பிஎம்பிஓ (கண நேர உச்சத்தை மட்டும் காட்டும் ஊதிப்பெருக்கிய கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அந்த மயக்கம் நம்மில் பலருக்கு இன்னும் தெளியவில்லை.

ஏவி ரிசீவர்: படம்தான் முக்கியம், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் அட்மாஸ் வேண்டும், சுற்றிலும் ஸ்பீக்கர் மாட்ட வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது என்றால் இதையே வாங்குங்கள். மைக் வைத்து அறையை அளந்து சத்தத்தைச் சரிசெய்யும் ஆடிஸி, ஒய்பிஏஓ போன்ற வசதிகள் உண்மையிலேயே உதவும். பாட்டு மட்டும் கேட்பவருக்கு இதில் பாதிக் காசு பயன்படாத இடத்தில் போகிறது. ‘ஏழு சேனல், 80 வாட்’ என்ற எண்ணுக்குக் கீழே ‘இரண்டு சேனல் ஓடும்போது’ என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படியுங்கள். மறுவிற்பனையிலும் அடிதான். டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐயின் பதிப்பு 2009-இல் 1.4, 2013-இல் 2.0, 2017-இல் 2.1 என்று மாறிக்கொண்டே வந்தது. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் நன்றாகவே பாடும். ஆனால் புது டிவியோடு முழுசாக ஒத்துப்போகாது என்பதால் விலை சரிந்துவிடும். ஸ்டீரியோவின் பின்னால் இருக்கும் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. தாத்தா காலத்துப் பின் இன்றும் அதில் பொருந்தும்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயம். பத்து வருஷம் கழித்து ஒரு சேனல் செத்துப்போனால் இதை யார் திறந்து பார்ப்பார்கள்?

நம் ஊரில் ஆம்ப்ளிஃபையருக்கு எதிரிகள் அதிகம். முதல் எதிரி சூடு. உள்ளே மின்சாரத்தைத் தேக்கித் தரும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு கூடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் பழகிய கணக்கு. மே மாதச் சென்னையில், கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று, ஸ்பீக்கர் இணைப்பைத் திறந்து மூடும் ரிலேயின் முனைகளைக் கறுக்க வைக்கும். அப்புறம் பல்லி. வெதுவெதுப்புக்காகக் காற்றுத் துளை வழியே உள்ளே போய், போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்து, தானும் செத்து ஆம்ப்ளிஃபையரையும் கொன்றுவிடும். மெக்கானிக்குகளிடம் கேளுங்கள், ஆளுக்கு ஒரு பல்லிக் கதை வைத்திருப்பார்கள்.

ஆக, பழுது வரும். வந்தால் என்ன நடக்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. டிரான்சிஸ்டர் வைத்த கிளாஸ் ஏபி (ஆன்-ஆஃப் செய்யாமல் நேராகப் பெருக்கும் பழைய முறை) ஸ்டீரியோவில் வழக்கமான நோய்கள் சிலதான். ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் ரிலே. வால்யூம் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு. அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால், அதே நம்பரோ சரியான மாற்றோ தேடிப் போட்டு, கூடவே அதை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் பார்த்து மாற்ற வேண்டும். எல்லாமே சால்டரிங் அயர்ன் வைத்துச் செய்கிற வேலை. நான் கேட்ட மெக்கானிக் ஒரே வரியில் முடித்தார்: “டிரான்சிஸ்டர் போனா மாத்திடலாம் சார், போர்டே போச்சுன்னா நான் என்ன பண்றது?”

‘போர்டே போச்சு’ என்று அவர் சொன்னது ரிசீவரை. எச்டிஎம்ஐ போர்டில் ஒரு பொடிச் சிப் செத்தால் படமும் இல்லை, பல நேரம் சத்தமும் இல்லை. அந்தச் சிப்பின் கால்கள் பல மாடல்களில் அடியில் இருக்கும். சாதாரணக் கடையில் கழற்றி மாட்ட முடியாது. கம்பெனியிடம் மாற்றுப் போர்டு இருக்கும்வரைதான் அந்தப் பெட்டிக்கு உயிர்.

கிளாஸ் டி பெட்டியிலும் சிப்தான், ஆனால் கதை கொஞ்சம் வேறு. டிபிஏ3116, அதைவிடப் பெரிய டிபிஏ3255 என்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்களை வைத்துத்தான் இவற்றில் பல வருகின்றன. 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்பதால் சூடு குறைவு, மின்சாரமும் மிச்சம். அடாப்டர் வெளியே இருப்பதால் அது செத்தால் வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சிப்பே போய்விட்டால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதுதான் லாபம், விலை அப்படி. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். நண்பர் வீட்டில் கேட்டவரை சத்தத்தில் குறை தெரியவில்லை. ஆனால் ஏழெட்டு வருஷம் ஓடிய ஒன்றை நான் நேரில் பார்த்ததில்லை, அதனால் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

கிளாஸ் டி-க்கு இன்னொரு சாதகமும் உண்டு. கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபையர் ‘உர்ர்’ என்று உறுமும். அடாப்டரில் ஓடும் பெட்டிகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. என் வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்பதால் தப்பித்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் அசெம்பிள் செட்டைப் பழுது பார்ப்பது எல்லாவற்றையும்விட எளிது. செய்தவரே சரிசெய்து தருவார். தயங்கியதற்குக் காரணம் இரண்டு. அதில் அதிகம் போடும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடியில் போலிகள் ஏராளம். பழுது வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பாற்றும் ஸ்பீக்கர் புரொடெக்ஷன் பல நேரம் இருப்பதில்லை. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி மின்சாரம் நேராக ஊஃபருக்குப் போய் காயிலைக் கருக்கிவிடும். ஆம்ப்ளிஃபையரில் மிச்சம் பிடித்த காசு ஸ்பீக்கரில் போகும். புரொடெக்ஷன் போர்டு வைத்தே கட்டித் தரும் நம்பகமான ஆள் தெரிந்தால் தாராளமாகப் போங்கள்.

ஏ-எஸ்301 சேனலுக்கு 60 வாட், எடை 9 கிலோ. ரெக்கார்ட் பிளேயருக்கு ஃபோனோ, டிவிக்கு ஆப்டிகல், சப்வூஃபருக்கு ஒரு வழி, எல்லாம் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது லவுட்னஸ் குமிழ். இரவில் மெல்ல வைத்துக் கேட்கும்போது பேஸ் காணாமல் போகுமே, அதை வேண்டிய அளவுக்குத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். டிவியிலிருந்து ஆப்டிகலில் இணைத்துச் சத்தமே வராவிட்டால் பதற வேண்டாம். டிவியின் ஆடியோ அவுட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பி சிக்னல் இதற்குப் புரியாது.

மற்ற பாகங்களில் ஸ்பீக்கருக்குத்தான் அதிகக் காசு ஒதுக்க வேண்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஒயருக்கு ஒதுக்காதீர்கள். நாலைந்து மீட்டருக்கு வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 போடுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் இதே ஸ்டீரியோ வகையில் பழையது பாருங்கள், பயப்பட வேண்டாம். கையில் ஒரு மல்டிமீட்டரோடு போங்கள். ஆன் செய்த சில நொடியில் ரிலே ‘டிக்’ என்று விழ வேண்டும். வால்யூமை முழுக்கத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல், பாட்டு ஓடாமல், ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவு 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் என்றால் பின்னால் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் நம் 230-இல் சொருகிவிடாதீர்கள்.