கண்ணாடிக்குப் பாலிஷ் போட்டு ஒரு வருஷம்: குன்னூர் தூறலில் எப்படி இருக்கிறது?

வண்டியின் முன் கண்ணாடிக்குப் பாலிஷ் போட்டது பிரயோஜனமா, இல்லை பேசாமல் மாற்றிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை.

மழை கொட்டினால் எனக்குப் பிரச்சினையே கிடையாது, தண்ணீர் நிறைய இருந்தால் எந்த வைப்பரும் யோக்கியமாகத் துடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் பக்கம் நாள் முழுக்கப் பிடிக்கும் நசநசத் தூறல்தான் எமன். மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஏறும்போது முன்னால் ஒரு லோடு லாரி போனால் போதும், அதன் புகை எண்ணெய்ப் படலமாகக் கண்ணாடியில் படிந்து, அந்த அரைகுறை ஈரத்தில் வைப்பர் அதை இழுத்து வெள்ளையாகப் பூசிவிடும். இந்தக் கோடுகளுக்குப் பாலிஷ் தேவையில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துக் கண்ணாடியையும் வைப்பர் ரப்பரின் விளிம்பையும் துடையுங்கள். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

என் எரிச்சல் வேறு. டிரைவர் பக்கம் வைப்பர் ஓடும் அரைவட்டத்தில், ரப்பருக்கு அடியில் மாட்டிய மணல் வருஷக்கணக்கில் போட்ட மெல்லிய கீறல்கள். பகலில் தெரியாது. இரவில் கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒருத்தன் ஹைபீம் அடித்து இறங்கினால் அத்தனை கீறலும் சிலந்தி வலை மாதிரி மின்னும், சாலை ஓரத்து வெள்ளைக்கோடு காணாமல் போகும். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, இதில் லைட்டை டிம் பண்ணச் சொல்லி யாரிடம் முறையிடுவது!

இந்தக் கீறல்களுக்காகத்தான் போன வருஷம் பாலிஷ் போடக் கொடுத்தேன். கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து மெஷினில் தேய்த்தார்கள். தேய்த்தவர் பொறுமைசாலி, கண்ணாடி சூடாகாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். குறை சொல்ல மனசு வரவில்லை: நீர்க்கறை போச்சு, நகத்தில் தட்டாத கீறல்கள் நன்றாகவே மங்கின. நகம் மாட்டுகிற கீறல் மட்டும் அப்படியே. அதையும் எடுக்கிற அளவுக்குத் தேய்த்தால் அந்த இடம் குழிந்து சாலையே நெளிந்து தெரியும், அவர் நிறுத்தியதுதான் சரி. பொடிக்கல் தெறித்து விழுந்த புள்ளிகளையும் பாலிஷால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்சூரன்ஸ் கூத்தைக் கேளுங்கள். கல் பட்டு விரிசல் விட்டால், முழு பாலிசி இருப்பவருக்குக் கண்ணாடிக்கென்று தேய்மானம் கழிக்க மாட்டார்கள், நம் கட்டாயப் பங்கு போக மீதி வந்துவிடும். துடைத்துத் துடைத்தே தேய்ந்த கண்ணாடிக்குப் பைசா கிடையாது. சில ராத்திரிகளில், முன்னால் போகிற லாரி டயரிலிருந்து ஒரு கல் வந்து விழக் கூடாதா என்று கூடத் தோன்றும்.

ஆக, பாலிஷ் நல்ல வேலை, கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. ஆனால் நீங்கள் மாற்றிவிடுங்கள். ஊருக்குள் பகலில் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் பாலிஷ் தாராளமாகப் போதும், ராத்திரி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவருக்குப் போதாது. நானும் அடுத்த ஐப்பசிக்கு முன்னால் மாற்றப்போகிறேன். புதுக் கண்ணாடியில் பழைய வைப்பர் பிளேடை மாட்டிக் கொடுத்தால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று கடையில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.