கிளாஸ்ல அடிதடிய தடுக்குறது பத்தின டீச்சர்ஸ் ட்ரெய்னிங், காசு குடுத்துப் போலாமா?

திருநெல்வேலி பக்கம் எட்டாங்கிளாஸ் எடுக்குறேன். பசங்க ஏன் கை நீட்டுறாங்க, எப்படித் தடுக்குறதுன்னு ஒரு தனியார் அமைப்பு நடத்துன ட்ரெய்னிங் போயிட்டு வந்தேன். ஃபீஸ் 600 ரூபா, மதியச் சாப்பாடு சுமார்தான், ஆனா போனது வீண் இல்ல.

ரொம்பப் புடிச்சது அந்த மூணு கட்டம் போட்ட ஷீட். அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணான், அதுக்கப்புறம் அவனுக்கு என்ன கெடச்சுச்சு, அவ்ளோதான் எழுதணும். எங்க கிளாஸ்ல ஒருத்தன் எந்திரிச்சு வாசிடான்னு சொன்னாலே பக்கத்துல இருக்கவன குத்திருவான், உடனே வெளிய நில்லுன்னு அனுப்புவாங்க. ஷீட்ட நிரப்பிப் பாத்தா, பையனுக்கு எழுத்துக்கூட்டத்தான் வருது, எல்லார் முன்னாடியும் திக்குறதுக்கு வெளிய நிக்கிறதே மேல்னு நெனைக்கிறான், அப்ப தண்டனைன்னு நாம குடுக்குறதுதான் அவன் கேக்குறதே. இப்ப முந்தின நாளே ரெண்டு வரி குடுத்து தனியா வாசிக்க வெக்கிறேன், அடி நல்லாவே கொறஞ்சிருக்கு.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 பத்தியும் சொன்னாங்க, உடம்புலயும் கை வெக்கக் கூடாது, மனசையும் நோகடிக்கக் கூடாது. "பிரம்பு இல்லாம எப்படி சார்"னு ஒருத்தர் கேட்டதுக்கு, அடி வாங்குற பையன் கத்துக்கிறது பெரியவன் சின்னவன அடிக்கலாம்ங்கறத மட்டுந்தான்னு பயிற்சியாளர் பொறுமையா சொன்னாரு.

ஆனா ஒரு பெரிய குறை, சாதிய பத்தி ஒரு வார்த்தை இல்ல. எங்க பக்கம் வந்துட்டு இத எப்படி விட முடியும்? 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு தலித் மாணவனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டுனது கூடப் படிச்ச பசங்கதான, அதுவும் தொந்தரவு பண்றாங்கன்னு அவன் பள்ளிக்கூடத்துல சொன்னதுக்கப்புறம். அதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துல சாதி மோதல தடுக்க அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கையே குடுத்துச்சு, சாதிய காட்டுற கலர் கயிறு, மோதிரம், நெத்திப் பொட்டு வரைக்கும் அதுல பேசிருக்காங்க. யாரு யார் பக்கத்துல உக்காருறான், எந்தக் கயிறப் பாத்து யாரு மொறைக்கிறான், இதெல்லாம் அந்த ஷீட்டோட முதல் கட்டத்துல வர வேண்டிய விஷயம். கேட்டேன், "அது சென்சிட்டிவ் டாபிக் மேடம்"னு முடிச்சுட்டாங்க. எனக்கு ரொம்ப வருத்தம்.

புகார் சொன்ன பையன எப்படிப் பாதுகாக்குறதுங்கறதும் வரல. பசங்களுக்கு 1098ங்கற குழந்தைகள் உதவி நம்பர சொல்லிக் குடுங்கன்னதோட சரி.

5க்கு 3 குடுப்பேன். தென் மாவட்டத்து டீச்சர்ஸ் பணம் கட்டுறதுக்கு முன்னாடி சாதி பத்தி செஷன் இருக்கான்னு போன் போட்டுக் கேளுங்க, நாலு பேரு கேட்டா சேப்பாங்க.