பழைய புகைபோக்கிக்குள் குழாயா, புதிய இரட்டைச் சுவர்க் குழாயா? இங்கிலாந்து வீடுகளில் விறகுக் கணப்பு

இங்கிலாந்தில் வீட்டுக்கு விறகுக் கணப்பு வாங்கப் போகிறவர்கள் அதன் தோற்றத்தையும் கிலோவாட் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறார்கள். கணப்பு எதுவானாலும், வீட்டின் பாதுகாப்பைப் பெரிதும் தீர்மானிப்பது புகை வெளியேறும் வழிதான். அதற்கு நடைமுறையில் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று, ஏற்கெனவே உள்ள செங்கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகில் செய்த வளையும் குழாயை இறக்குவது. மற்றொன்று, இரண்டு எஃகுச் சுவர்களுக்கு இடையே வெப்பக்காப்புப் பொருள் நிரப்பிய குழாயைக் கணப்பிலிருந்து கூரைக்கு மேல் வரை புதிதாக எழுப்புவது.

பழைய புகைபோக்கியிலேயே உட்குழாய் எதுவும் இல்லாமல் புகையை விட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். விக்டோரியா காலத்து வீடுகளில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் புகைபோக்கிகளின் உட்புறத்தில் பூசிய சுண்ணாம்புக் காரை பல இடங்களில் உதிர்ந்து போயிருக்கும். வரிசை வீடுகளில் நம்முடைய புகைவழிக்கும் அடுத்த வீட்டுப் புகைவழிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் அகலத் தடுப்புதான் பெரும்பாலும் இருக்கும்; அதில் ஒரு விரிசல் விழுந்தாலும் நம் கணப்பின் கார்பன் மோனாக்சைடு அண்டை வீட்டார் உறங்கும் அறைக்குள் கசியக்கூடும். மேலும், பழைய திறந்த கணப்பு அறைக்காற்றை ஏராளமாக இழுத்துப் புகையோடு மேலே அனுப்பியது. கதவு மூடிய இன்றைய கணப்பு அனுப்பும் வாயுவின் அளவோ குறைவு. அகன்ற பழைய வழியில் அது மெதுவாக ஏறும்போது குளிர்ந்து, நீராவியும் தாரும் சுவரில் படிகின்றன. அந்தத் தார் பிற்பாடு தீப்பற்றுவதுதான் புகைபோக்கித் தீ.

உட்குழாய் இந்தச் சிக்கல்களைப் பெருமளவு தீர்க்கிறது. குழாயின் விட்டம் கணப்புக்குப் பொருந்துவதால் வாயு வேகமாக ஏறுகிறது. சுற்றியுள்ள செங்கல் சூட்டைப் பிடித்து வைக்கிறது. புகைபோக்கி வீட்டின் நடுவே இருந்தால் புகையை மேலே இழுக்கும் விசை இன்னும் நன்றாக இருக்கும். விறகு மட்டும் எரிப்பவர்களுக்கு 316 தர எஃகு போதுமானது; நிலக்கரி வகை எரிபொருளையும் எரிப்பவர்கள் 904 தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் அந்த எரிபொருளின் கந்தகம் 316 தர எஃகை விரைவில் அரித்துவிடும். வாங்கும்போது குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயை இறக்கும்போது அது மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக இறக்கினால் உள்மடிப்புகளின் விளிம்பில் கரி தங்கும், வழியும் தாரும் மடிப்புகளுக்குள் இறங்கும். இந்த முறையின் பலவீனம், பழைய கட்டுமானத்தின் நலனை அது சார்ந்திருப்பதுதான். புகைபோக்கியைச் சுத்தம் செய்து, சோதித்து, கூரைமேல் பகுதியைச் சீர்செய்த பிறகே குழாயை இறக்க வேண்டும்.

இரட்டைச் சுவர்க் குழாய்க்குப் பழைய புகைபோக்கியே தேவையில்லை. புகைபோக்கி இல்லாமல் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்கும், பின்னால் சேர்த்த அறைகளுக்கும் இதுவே வழி. ஆனால் இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குழாய் மாடித் தளத்தையும் பரணையும் கடந்து செல்வதால், ஒவ்வொரு மட்டத்திலும் மர உத்தரங்களுக்கும் அதற்கும் இடையே உற்பத்தியாளர் குறிப்பிட்ட இடைவெளியைக் கண்டிப்பாக விட வேண்டும். பரணில் விரித்திருக்கும் கம்பளிப் பஞ்சு போன்ற காப்புப் பொருளை அந்த இடைவெளிக்குள் திணித்துவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. அது சூட்டைத் தேக்கி, பக்கத்து மரத்தைக் காயவைத்துக்கொண்டே போகும். கணப்புக்கு அருகே வரும் ஒற்றைச் சுவர் இணைப்புக் குழாய்க்கு விதி இன்னும் கடுமையானது: மறைப்புத் தகடு இல்லாவிட்டால், எரியக்கூடிய பொருளிலிருந்து விட்டத்தின் மூன்று மடங்கு தூரம், அதாவது 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 450 மில்லிமீட்டர், வேண்டும். இணைப்புகளின் அகன்ற வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் ஈரம் குழாய்க்குள்ளேயே இறங்கும்.

இட வசதிக்காக இந்தக் குழாயை வெளிச்சுவரை ஒட்டி எழுப்புபவர்கள் அதிகம். காப்பு இருந்தாலும் பனிக்காற்றில் அது வீட்டுக்குள் செல்லும் குழாயைவிடக் குளிர்ந்தே இருக்கும். காலையில் தீ மூட்டும்போது புகை அறைக்குள் திரும்பும் வாய்ப்பும் அதிகம். முடிந்தவரை உள்ளேயே கொண்டு செல்லுங்கள் என்பதே என் கருத்து. அதற்காக மாடியறையில் ஓர் ஓரத்தை இழப்பது தகும்.

ஆகவே, நல்ல நிலையில் உள்ள புகைபோக்கி இருக்கும் வீட்டில் உட்குழாயே முதல் தேர்வு. வெளிச்சுவரில் விரிசல் விட்டு நிற்கும் புகைபோக்கிக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட, இரட்டைச் சுவர்க் குழாய் மேலானது. கணப்புக்கு மேல் குறைந்தது 4.5 மீட்டர் உயரம் என்பது இரண்டுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒற்றை மாடி நீட்டிப்பில் அந்த உயரம் எளிதில் கிடைக்காது என்பதால், கணப்பு வாங்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

காற்று வரத்திலும் பழைய வீடும் புதிய வீடும் வேறுபடும். பழைய வீட்டில் 5 கிலோவாட்டைத் தாண்டிய கணப்புக்கு மட்டுமே மூட முடியாத காற்றுத் துளை கட்டாயம். இறுக்கமாகக் கட்டிய புதிய வீட்டில் சிறிய கணப்புக்கும் அது வேண்டும், சமையலறை விசிறி புகையைப் பின்னிழுக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். புதிதாகக் கணப்பு பொருத்தும்போது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி 2010 முதல் கட்டாயம். கணப்பிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டருக்குள், அறையின் உட்கூரையில் என்றால் சுவரிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்த வேண்டும். வேலையை, கணப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் (HETAS) போன்ற அமைப்பில் பதிவுபெற்றவர் செய்தால் அவரே சான்றளிப்பார். மற்றவர் செய்தால், தொடங்கும் முன்பே உள்ளாட்சியின் கட்டட அனுமதிப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும்.