ஆதம்பாக்கத்தில் கியூஜிஐஎஸ்: ஒன்பது மழைக்காலங்களின் அனுபவம்

நான் போட்ட முதல் வரைபடத்தில் சென்னையின் ஆதம்பாக்கம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

2016 ஜனவரி. எந்த வீட்டில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்ததை எக்செல்லில் ஏற்றி, அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தேன். 13, 80 என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையிலேயே அட்சரேகையை முதலில் கொடுத்தேன். மென்பொருளோ குறுக்கு அச்சை, அதாவது தீர்க்கரேகையை, முதலில் எதிர்பார்க்கிறது. எங்கள் தெருக்களெல்லாம் ஸ்வால்பார்ட் தீவுகளின் வடகரையோரம், ஆர்க்டிக் கடலில் புள்ளி புள்ளியாக நின்றன. எட்டிப் பார்த்த என் மனைவி, "அங்கே தண்ணீர் உறைந்திருக்கும், வீட்டுக்குள்ளாவது வராது" என்றாள்.

நான் பொறியாளன் இல்லை. வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான் என்னை இதில் தள்ளியது. தன்னார்வலர்கள் அப்போது, யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இணையத்தில் ஒரு வெள்ள வரைபடம் போட்டிருந்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அது நிறம் மாறும். உறவினர் வீட்டு மாடியிலிருந்து எங்கள் தெருவைத் தொட்டேன். முழுத் தெருவும் ஒரே நிறமாகிவிட்டது. உண்மையில் மேற்குக் கோடியில் கணுக்கால் அளவு, கிழக்குக் கோடியில் இடுப்பளவு. நெருக்கடி நேரத்தில் அந்த வரைபடம் செய்த உதவி பெரிது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருக்கும் வித்தியாசம் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் கூகுளின் மை மேப்ஸில் முயன்றேன். குத்தூசி குத்துவதற்கு அதைவிட எளிதானது கிடையாது. பத்து அடுக்குகள் வரை போடலாம், உறவினருக்குச் சுட்டியை அனுப்பலாம். கேள்வி கேட்கத்தான் முடியாது. "ஓடையிலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியவை எத்தனை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேறு வகை மென்பொருள் வேண்டும். கியூஜிஐஎஸ் அந்த வகை. 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய திட்டம். இலவசம், மூலநிரல் திறந்திருக்கிறது, உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். நான் தொடங்கியபோது 2.14 பதிப்பு வந்த சமயம். 2018-ல் 3.0 வந்தபோது கூடுதல் வசதிகளுக்காகச் சேர்த்துக்கொள்ளும் பழைய செருகுநிரல்கள் பல வேலை செய்யாமல் போயின. புதியவை எழுதப்படும்வரை இரண்டு பதிப்புகளையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். அன்றிலிருந்து நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. புதுப்பதிப்பு ஆசை உள்ளவர்கள் மழைக்காலம் முடிந்த பிறகு ஏற்றிக்கொள்ளட்டும்.

மென்பொருளைக் கற்க எனக்கு ஆறு மாதம் ஆனது. தரவைச் சுத்தம் செய்யும் வேலை ஒன்பது ஆண்டுகளாகியும் முடியவில்லை. சென்னையில் வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்: புதியது 12, பழையது 5. எல்லோரும் 12/5 என்று எழுதுவார்கள். எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். என் முதல் பட்டியலில் பாதிக் குடும்பங்கள் மே மாதத்திலும் மீதி ஜூனிலும் குடியிருந்தன. எக்செல்லில் கதவு எண்களுக்கான பத்தியை முன்கூட்டியே எழுத்து வடிவம் என்று அறிவித்துவிட்டுத்தான் எண்களை உள்ளிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய எண் திரும்பி வராது.

அடுத்தது தமிழ். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையை இன்றும் எல்லோரும் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். அதில் பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட் மட்டுமே இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும், கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியாக. ஆக, 'தெருப்பெயர்' என்று தலைப்பு வைத்தால் 'தெர' வரை எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த உகரம் எங்கே போயிற்று என்று நான் ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன். ஜியோபேக்கேஜ் கோப்புக்கு மாறிய நாளோடு இந்தத் தொல்லை ஒழிந்தது. ஒரே கோப்பு, தலைப்பு எவ்வளவு நீளமும் இருக்கலாம், தமிழ் தமிழாகவே கிடக்கும். தமிழில் வரைபடம் போட நினைப்பவர்கள் முதல் நாளே ஷேப்ஃபைலுக்கு விடை கொடுத்துவிடுங்கள்.

பெயர்களை வரைபடத்தின் மேல் எழுதுவதில் பழைய பதிப்புகளில் வேடிக்கைகள் இருந்தன. ஓடையின் வளைவோடு பெயரும் வளைய வேண்டும் என்று சொன்னால், கொம்பும் காலும் எழுத்தைவிட்டுக் கழன்று தனித்தனியாக நடக்கும். பிந்தைய பதிப்புகளில் அது எவ்வளவோ தேவலை. பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளை எழுத்தாக வைக்காமல் உருக்கோடாக மாற்றச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். நான் ஒருமுறை மறந்து, அச்சகத்தில் 'வேளச்சேரி' கட்டம் கட்டமாக வந்து நின்றது.

இனி உயரம். என் ஒன்பது ஆண்டுகளில் பாதியை விழுங்கியது இதுதான்.

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும். ஆகவே நிலத்தின் உயரம் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் சுற்றி ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி, நீலத்திலிருந்து பழுப்பு வரை நிறம் பூசினேன். அழகென்றால் அப்படியோர் அழகு! பரங்கிமலை பழுப்பாக எழுந்து நின்றது, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் நீலமாகத் தாழ்ந்து கிடந்தது. வீராங்கால் ஓடை ஆதம்பாக்கம் பக்கமிருந்து சதுப்பு நிலத்துக்கு ஓடி, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்வதை விரலால் தொட்டுக் காட்டலாம் போலிருந்தது. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். நானும் ஒரு மாதம் ஏமாந்திருந்தேன்.

தெருவளவுக்கு நெருங்கிப் பார்த்தபோது சாயம் வெளுத்தது. அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர். எங்கள் தெருவின் அகலத்தைப் போல் பல மடங்கு. உயரம் முழு மீட்டர் கணக்கில்; பிழையோ பல மீட்டர் வரை போகும். எங்கள் தெருவின் இரண்டு கோடிகளுக்கும் இடையே மொத்த வித்தியாசமே ஒரு மீட்டருக்கும் குறைவு. போதாக்குறைக்கு, ரேடார் பட்டுத் திரும்புவது தரையில் அல்ல, மொட்டை மாடியிலும் மரத்தின் தலையிலும். மூன்று மாடிக் குடியிருப்பு இருந்தால் அது ஒரு குன்று. இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒரு மனையை அந்த வரைபடம் மேடு என்று காட்டியது.

சரி, கைப்பேசி ஜிபிஎஸ் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கள் வீடு கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 80 மீட்டரில் இருப்பதாகச் சொன்னது. பழுது என்று நினைத்து இன்னொரு கைப்பேசியில் பார்த்தேன். அதுவும் அதே ஊரில்தான் இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஜிபிஎஸ் அளப்பது பூமியைக் கணித வடிவமாகக் கற்பனை செய்த ஒரு நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்பு விசையைப் பொறுத்தது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் கடலின் சராசரி மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் சென்னையும் இருக்கிறது. மெரினாவில் அலையில் கால் நனைய நின்று பார்த்தாலும் கழித்தல் குறியோடுதான் எண் வரும். திருத்தம் செய்துகொள்ள வழி உண்டு. ஆனால் திருத்திய பிறகும் கைப்பேசி உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும் என்றால், அரையடி வித்தியாசம் தேடுகிறவனுக்கு அதனால் என்ன பயன்?

கடைசியில் கைகொடுத்தது, எங்கள் பகுதிக் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இருமுனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. "இதற்கு எதற்கு சார் கம்ப்யூட்டர்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார். சுவர்களில் 2015 வெள்ளம் விட்டுப்போன கறையை டேப் வைத்து அளந்தோம். 112 வீடுகள்.

(நாட்டையே அளக்கும் பெரும் முக்கோண அளவைக்காக 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் முதல் சங்கிலி போட்டது எங்கள் பரங்கிமலை அடிவாரத்திலிருந்துதான். பெரும்பாக்கம் பக்கம்வரை ஏழரை மைல். நாங்கள் டியூப் பிடித்த தெருக்களுக்கு அது அதிக தூரமில்லை. கொத்தனாரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்று கேட்டார்.)

அளவுகள் கைக்கு வந்த பிறகு நிறம் பூசுவதில் ஒரு சண்டை வந்தது. கியூஜிஐஎஸ்ஸில் எண்களை ஐந்து நிறங்களாகப் பிரிக்கப் பல முறைகள் இருக்கின்றன. நிறத்துக்குச் சம எண்ணிக்கை வீடுகள் என்ற முறையை அப்பாவியாகத் தேர்ந்தெடுத்தேன். மிக அதிகம் ஏறிய தண்ணீர் 60 அங்குலம். பெரும்பாலான வீடுகளில் இரண்டடிக்குள்தான். எனவே கடைசி 22 வீடுகளை ஒரு நிறத்தில் அடைக்க, 24 அங்குலத்திலிருந்து 60 வரை எல்லாமே அடர்சிவப்பாகிவிட்டது. குடியிருப்போர் கூட்டத்தில் இதை ஒட்டிய மறுநிமிடம், 25 அங்குல வீட்டுக்காரரான பெரியவர் எழுந்தார். "என் வீட்டை ஏன் சார் சிவப்பாக்கினீர்கள்? நாளைக்கு என் மகன் விற்கப் போனால் எவன் வாங்குவான்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றிரவே சம இடைவெளி முறைக்கு மாற்றினேன். நிறத்துக்கு 12 அங்குலம். பெரியவர் மூன்றாவது நிறத்துக்கு இறங்கினார். அடர்சிவப்பில் ஆறே வீடுகள் மிஞ்சின. தெருவே திடீரென்று பத்திரமான இடமாகிவிட்டது போல் தோன்றியது. எண் ஒன்றுகூட மாறவில்லை!

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மென்பொருள் தரும் முறைகளை ஒதுக்கிவிட்டு எல்லைகளை நானே எழுதினேன்: கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு, அதற்கும் மேல். குறிப்புப் பெட்டியிலும் அங்குலம் கிடையாது, இந்தச் சொற்கள்தான். அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மனு கொடுக்கப் போன அலுவலகம் ஒன்றில் மட்டும் "மீட்டரில் கொடுங்கள்" என்றார்கள். கொடுத்தோம்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடத்தை மென்பொருளே நிரப்பித் தரும் வசதியில் கவனமாக இருங்கள். அது அளந்த புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக, அம்மைத் தழும்பு போல் வரையும். காம்பவுண்டுச் சுவர் தண்ணீரைத் தடுக்கும் என்பது அதற்குத் தெரியாது. பரப்பளவிலும் ஒரு பொறி உண்டு. உருண்டையான பூமியைத் தட்டையாக்க இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனிலேயே தட்டையாக அளந்தால், சென்னை இருக்கும் அட்சரேகையில் ஏரி ஐந்து சதவீதம் பெருத்துவிடும். யுடிஎம் 44 வடக்கு என்ற, நம் பகுதிக்குப் பொருந்தும் மீட்டர் கணக்கு முறைக்கு மாற்றிக்கொண்டு அளந்தால் வம்பில்லை. ஏரி சுருங்கிய கதையைச் சொல்ல வருகிறவர் முதலில் இதைச் சரிபார்த்துக்கொண்டால் நல்லது.

வேலைக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்தது ஒன்று. பிரிட்டிஷ் காலத்து மெட்ராஸ் வரைபடம் ஒன்றின் படத்தை இறக்கி, கோயில்களையும் தேவாலயங்களையும் ரயில் பாதை வளைவுகளையும் அடையாளமாக வைத்து இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தினேன். ஒளிபுகும்படி மேலடுக்கை மெல்ல மெல்ல மங்கச் செய்தால், நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த பழைய பெரிய ஏரியின் நீலத்துக்குள்ளிருந்து தியாகராய நகர் எழுந்து வருகிறது. 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்து எழுந்த நகர் என்பது தெரிந்த கதைதான். இன்றும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க லேக்தான் இல்லை. இந்த ஒரு காட்சிக்காகவே கியூஜிஐஎஸ்ஸை நிறுவலாம் என்பேன். என் பேத்திக்கு இதைத்தான் முதலில் காட்டினேன்.

கைப்பேசியில் க்யூஃபீல்டு செயலி நன்றாக இருக்கிறது, வீட்டில் தயாரித்த வரைபடத்தை அப்படியே தெருவுக்கு எடுத்துப் போகலாம். பெருமழையில் தொடுதிரை ஈர விரலை மதிப்பதில்லை. அதனால் ஒரு காகித அச்சும் பென்சிலும் பிளாஸ்டிக் பையில் எப்போதும் இருக்கும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் வரைபடத்துக்குத் தேர்வு நடந்தது. ஐந்து தெருக்களில் தண்ணீர் ஏறக்குறைய நான் பூசிய நிறப்படியே நின்றது. ஆறாவது தெருவுக்குக் கணுக்கால் என்று போட்டிருந்தேன். அங்கே தொடை வரை நின்றது. இரண்டு நாள் கழித்து வடிந்ததும் கொத்தனாரோடு போய்ப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமலே இரண்டு முறை புதுச் சாலை போட்டிருக்கிறார்கள். அது ஏறியதில் இந்தத் தெரு பள்ளமாகிவிட்டது. என் அட்டவணையில் உயரம் இருக்கிறது, அளந்த தேதி இல்லை. 2016-ன் தரையை வைத்துக்கொண்டு 2023-ன் தண்ணீரைக் கணித்திருக்கிறேன்.

இப்போது தேதிக்கு ஒரு பத்தி சேர்த்து, தெருத் தெருவாக மறுபடியும் அளந்து வருகிறோம். மூன்று தெருக்கள் பாக்கி. பழைய டியூப் வெயிலில் வெடித்துவிட்டது. புதிதாக 20 மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். கொத்தனாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழிய வேண்டும்.