கன்னியாகுமரியில் ரூம் போடப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: 13,400 ரூபாய் போச்சு

நேற்று விடியற்காலை நடந்தது இது. இன்னும் வயிறு எரிகிறது. வெளியூரில் போய் ஏமாந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நான் நாகர்கோவில்காரன். கன்னியாகுமரி எனக்கு 20 கிலோமீட்டர், பைக்கை எடுத்தால் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் 13,400 ரூபாயைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கச்சி குடும்பம் சென்னையில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு 7, சின்னவளுக்கு 4. மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. நம் வீடு இருக்கும்போது ஓட்டல் எதற்கு என்று அம்மா கேட்டாள், நியாயம்தான். ஆனால் மூத்தவன், "மாமா, கட்டில்லேயே உக்காந்து சூரியன் வர்றதப் பாக்கணும்" என்று போனில் ஒரே பிடிவாதம். சரி, இரண்டு நாள் மாமன் செலவு என்று நானே வாயைக் கொடுத்தேன்.

நான் வைத்திருப்பது ஸ்டேஷனரி கடை. மே கடைசி என்றால் நோட்டுப் புத்தக சீசன், கடையை விட்டு நகர முடியாது. அதனால் போனில் மேப்பைத் திறந்து, கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒரு லாட்ஜைப் பார்த்தேன். நல்ல மதிப்பெண், நிறையப் பேர் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். கீழே இருந்த எண்ணுக்கு அடித்தேன்.

எடுத்தவன் முதலில் பொதுவான தமிழில்தான் பேசினான். நான் நாகர்கோவில் என்று சொன்னதுதான் தாமதம், "அண்ணே, நம்ம நாரோயிலா? கொச்சுப் பிள்ளைய உண்டுமா?" என்று கேட்டான். அங்கேதான் விழுந்தேன். "உண்டுமா" என்று கேட்கிறவன் நம்மை ஏமாற்றுவானா? பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றதும், பால்கனிக் கம்பி வழியாகச் சின்னப் பிள்ளை நுழைந்துவிடாதபடி வலை கட்டித் தருகிறேன் என்றான். காலையில் பால் காய்ச்சிக் கொடுக்கச் சொல்கிறேன் என்றான். சொந்தத் தம்பிகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். வாட்ஸாப்பில் படங்கள் வந்தன. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், பால்கனி, அதற்கு நேரே விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும். அந்த பால்கனிப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஒரு இரவுக்கு 4,200, இரண்டு இரவுக்கு 8,400. சீசன் என்பதால் முழுப் பணமும் முன்னாலேயே கட்டினால்தான் கடல் பார்த்த ரூம் என்றான். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் லாட்ஜ் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "ஓனருக்க மச்சான் பேருண்ணே" என்றான். அதையும் நம்பினேன். மறுநாள், பெரிய ரூமுக்கு 5,000 டெபாசிட் வேண்டும், சாவி கொடுக்கும்போதே திருப்பித் தந்துவிடுவோம் என்றான். அதையும் கட்டினேன். ஆக 13,400. கூடவே தங்கச்சி, மாப்பிள்ளை இரண்டு பேரின் ஆதார் படமும் அனுப்பியிருக்கிறேன். நினைத்தால் அதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

சனிக்கிழமை விடியும் முன்பே ரயில் வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து நேராக லாட்ஜுக்குப் போனோம். ரிசப்ஷனில் இருந்த பையன் என் பெயரைக் கேட்டுவிட்டு ரிஜிஸ்டரைப் புரட்டக்கூட இல்லை. "எந்த நம்பர்ல பேசினீங்க?" என்றுதான் கேட்டான். காட்டினேன். "இந்த வாரம் நீங்க நாலாவது ஆளு சார்" என்றான். மேப்பில் அவர்கள் எண்ணை எடுத்துவிட்டு யாரோ தன் எண்ணைப் போட்டிருக்கிறானாம். நாலாவது ஆள் வரும்வரை வாசலில் ஒரு அட்டையில் எழுதி ஒட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை. "எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்", அவ்வளவுதான். ரூம் எல்லாம் நிறைந்துவிட்டது.

அவனுக்கு அடித்தேன். முதல் தடவை, "மேனேஜர் பத்து நிமிஷத்துல வருவாரு அண்ணே." இரண்டாவது தடவை, சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாவது தடவை, 24 மணி நேரத்தில் பணம் தானாகவே திரும்பிவிடும். நாலாவது தடவை எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் அவன் முகப்படமும் காணாமல் போனது. இதற்கிடையில் வெளியே சூரியன் உதித்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துப் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க, சின்னவள் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து மண் அள்ளுகிற பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். மூத்தவன் மட்டும், "மாமா, நம்ம ரூம் எது?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

வங்கிக்குப் பேசினால், "நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது." மேப்பில் புகார் கொடுத்தால், "உங்கள் பரிந்துரைக்கு நன்றி." பரிந்துரையாம்! சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்துப் புகார் பதிந்தேன், புகார் எண் வந்திருக்கிறது. பணம் போய் மூன்று நாள் ஆகிவிட்டதால் பெரிய நம்பிக்கை இல்லை.

இன்று ஞாயிறு. பிள்ளைகளுக்காகப் படகு வரிசையில் நின்று பாறைக்குப் போனோம். அங்கிருந்து சிலைக்குப் போகிற கண்ணாடிப் பாலம், 77 மீட்டர். சின்னவள் கண்ணாடியில் கால் வைக்கப் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கீழே அலை, மேலே நான். அப்போதுதான் சுரீர் என்றது. ஒரு கையால் போனை எடுத்து அந்த பால்கனிப் படத்தைப் பார்த்தேன். பாறை இருக்கிறது, சிலை இருக்கிறது, நடுவில் பாலம் இல்லை! 2024 டிசம்பர் 30இல் திறந்த பாலம். அதற்குக் கம்பி கட்டிய காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். எந்தக் காலத்துப் படத்தையோ அனுப்பியிருக்கிறான், உள்ளூர்க்காரன் நான் கவனிக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் எப்படிக் கவனிப்பார்கள்?

எச்சரிக்கை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மேப்பில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். லாட்ஜின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள், அல்லது தெரிந்தவர் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்ததும் தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். முழுப் பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். ஆதாரை அனுப்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930.

எல்லாரும் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். நாளை திங்கள், பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. மாத்தூர் தொட்டிப்பாலமும் திற்பரப்பு அருவியும் போகலாம் என்று இருக்கிறோம்.

இதை எழுதும் முன் மேப்பைத் திறந்து பார்த்தேன். அதே எண்தான் இருக்கிறது. மனைவியின் போனிலிருந்து அடித்தேன். இரண்டே ரிங்.

"சொல்லுங்கண்ணே, எத்தன பேரு? கொச்சுப் பிள்ளைய உண்டுமா?"