ஒரே மூச்சிலா, அடுக்கடுக்காகவா?

எண்ணெய் வண்ணத்தில் படம் போட இரண்டு வழி உண்டு. ஈரம் காயும் முன்பே ஒரே அமர்வில் முடிப்பது ஒன்று, ஒரு படலம் காயும்வரை பொறுத்திருந்து அதன்மேல் அடுத்ததைப் பூசி வளர்ப்பது இன்னொன்று.

முதல் வழியில் கை தயங்கினால் போச்சு. ஈர நீலத்தின்மேல் மஞ்சளை ஒரே தீற்றலில் வைத்து விட்டுவிட்டால் நிறம் அப்படியே நிற்கும், அதே இடத்தை மூன்றாவது முறை தொட்டால் அடியிலிருக்கும் நீலமும் கிளம்பி எல்லாம் பச்சையாகக் குழம்பிவிடும். அதனால் தூரிகை வைப்பதற்கு முன்பே உற்றுப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. டச்சு ஓவியர் வான் கோ 1890இல் பிரான்ஸின் ஆவேர் கிராமத்தில் இருந்த சுமார் 70 நாட்களில் ஏறக்குறைய தினம் ஒரு ஓவியம் வரைந்தது இப்படித்தான்.

சரி, அடுக்குமுறை? காய்ந்த வெளிர் நிறத்தின்மேல் மெல்லிய சிவப்பைக் கண்ணாடிபோலப் பூசினால் ஒளி அதற்குள் புகுந்து, அடியில் பட்டுத் திரும்பி வரும். அந்த உள்ளொளி தட்டில் கலக்கும் எந்தச் சிவப்பிலும் கிடைக்காது, பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் வான் ஐக் வரைந்த சிவப்புத் துணிகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கீழ்ப்படலத்தைவிட மேல்படலத்தில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விழும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் பார்க்கக் கற்றுக்கொடுப்பது அதுதான். பொறுமை கைவந்த பிறகு, ஒரு முகத்தை அடுக்கடுக்காக வரைந்து பாருங்கள், கன்னத்துச் சிவப்பு தோலுக்கு அடியிலிருந்து வரும்.